வாயசைக்க மட்டும் கற்றுக்கொடுக்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி ஆண்டு விழாக்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பந்தல் செலவு, வாடகை உடை, சினிமாப் பாட்டு ஆட்டம் என்று எல்லாவற்றையும் விரிவாகத் தொட்டவர், நாடகத்தை மட்டும் 'நாடகங்களும் இடம்பெறுகின்றன' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அரசு உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தோரு வருடம் தமிழ் நடத்தியவள் நான். அதில் பாதிக்கு மேல் வருடா வருடம் பிள்ளைகளை வைத்து நாடகமும் போட்டிருக்கிறேன். அந்த வகையில் எனக்கு ஒரு குறை உண்டு.

இன்றைய ஆண்டு விழா நாடகங்களில் பிள்ளைகள் பேசுவதே இல்லை. வசனம் முழுவதையும் முன்கூட்டியே ஒரு ஸ்டுடியோவில் பதிவு செய்துவிடுகிறார்கள். பல இடங்களில் அந்தக் குரலும் பிள்ளையுடையது இல்லை. யாரோ பெரியவர் கட்டைக் குரலில் 'ஏ வெள்ளையனே' என்று முழங்க, ஆறாம் வகுப்புப் பையன் அதற்கு வாயசைக்கிறான். பின்னணி இசை, இடி, குதிரைக் குளம்பு எல்லாம் சேர்த்து ஒரு பென் டிரைவில் வந்துவிடும். இந்தப் பதிவைத்தான் 'டிராக்' என்கிறார்கள். இரண்டு வாரம் ஒத்திகை நடக்கும். ஒத்திகை என்றால், எந்த இடத்தில் கையைத் தூக்க வேண்டும், எந்த இடத்தில் வாயைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் ஓய்வு பெற்ற பிறகு விருந்தினராகப் போன ஒரு பள்ளி விழாவில் (பெயர் வேண்டாம், எங்கும் நடப்பதுதான்) பென் டிரைவ் வேலை செய்யாமல் ஓர் ஆசிரியரின் செல்போனை மைக் செட்டில் சொருகியிருந்தார்கள். விடுதலைப் போராட்ட நாடகம். வ.உ.சி. செக்கிழுத்துக்கொண்டிருக்கும்போது அந்தப் போனுக்கு அழைப்பு வந்துவிட்டது. மைதானம் முழுக்க ஒரு பக்திப் பாட்டு. அதை நிறுத்தியதும் டிராக்கும் நின்றுவிட்டது. வ.உ.சி., பாரதி, சிறை அதிகாரி மூன்று பேரும் வாயைத் திறந்தபடி நின்றார்கள். மேடையை ஒட்டி நின்ற நான், "பேசுடா, உன் வசனத்தை நீயே பேசு" என்று கிசுகிசுத்தேன். பாரதி என்னைத் திரும்பிப் பார்த்து, "தெரியாது டீச்சர்" என்றான். அவன் சொன்னதில் பொய்யில்லை. அவனுக்கு வாயசைப்பு தெரியும், வசனம் தெரியாது.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆயிரம் பேர் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு பேசுகிற திறந்த மைதானம். மேடையில் ஸ்டாண்டில் நான்கு மைக். பேச வேண்டியவன் மைக்கைத் தேடி நடந்துபோய், பேசிவிட்டு, மறுபடி சிம்மாசனத்துக்கு வர வேண்டும். ஒரு நிகழ்ச்சிக்கு ஏழு நிமிடம்தான். சத்தம் கேட்கவில்லை என்றால் பெற்றோர் முகம் சுளிப்பார்கள், தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கேட்பார். அப்புறம் யாருக்குத்தான் டிராக் பிடிக்காது? கூச்சப்படுகிற பிள்ளையையும் பயமில்லாமல் மேடையேற்றலாம் என்று ஒரு சக ஆசிரியை என்னிடம் வாதாடினார். அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளையின் கூச்சம் மேடையை விட்டு இறங்கும்போதும் அப்படியேதானே இருக்கிறது?

குரலைப் பழக்குவது ஒன்றும் மந்திரம் இல்லை. மதிய இடைவேளையில் மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிற சிநேகிதியை இந்தக் கோடியிலிருந்து ஒரு பிள்ளை கூப்பிடுவதைப் பாருங்கள். ஊரே திரும்பும். அதே பிள்ளை மேடையில் ஏறினால் தொண்டைக்குள் பேசும். 'சத்தமாப் பேசு' என்று சொன்னால் கத்தும், கழுத்து நரம்பு புடைக்கும், அடுத்த நாள் தொண்டை கட்டிக்கொள்ளும். நான் சத்தம் என்ற வார்த்தையையே எடுக்க மாட்டேன். ஒருத்தியைக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நிறுத்துவேன், இன்னொருத்தியை வேப்பமரத்தடியில். வசனத்தை அவளுக்குச் சொல், அவளுக்குக் கேட்டால் அவள் கை தூக்குவாள். நான்கு நாளில் குரல் தானாக வெளியே வந்துவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் வாக்கியத்தின் வால். நம் மொழியில் வினை கடைசியில்தான் வருகிறது. ஆமா, இல்லை என்பதும் அந்த வாலில்தான் தொங்குகிறது. பிள்ளைகளோ தொடக்கத்தில் மூச்சையெல்லாம் செலவழித்துவிட்டுக் கடைசிச் சொல்லை முழுங்கிவிடுவார்கள். "இந்தப் பாவத்தைச் செய்தவனை நான் மன்னிக்க..." வரை கணீரென்று கேட்கும். 'மாட்டேன்' காணாமல் போகும். கேட்கிறவர்கள் ராஜா மன்னித்துவிட்டார் என்றுகூட நினைத்துக்கொள்ளலாம். இதற்கு நான் வைத்திருந்த மருந்து ஒரு கூழாங்கல். பேசுகிறவன் கையில் கல் இருக்கும். கடைசிச் சொல்லைச் சொல்லும்போதுதான் அதை எதிரில் நிற்பவன் உள்ளங்கையில் வைக்க வேண்டும். முன்னாலேயே வைத்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. இந்த விளையாட்டில் இன்னொன்றும் நடக்கும்: எதிரில் நிற்பவன் கல்லுக்காகக் காத்திருப்பதால், அடுத்தவன் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்கப் பழகிவிடுவான். நடிப்பில் முக்கால் பங்கு அதுதான் என்பது என் எண்ணம்.

ஒரு வருடம் மனுநீதிச் சோழனை எடுத்தோம். வசனத்தை நான் எழுதவில்லை. பெரியபுராணக் கதையைச் சொல்லிவிட்டு, நீங்களே பேசிப் பாருங்கள் என்று விட்டேன். முதல் கேள்வி பசுவாக நடித்த பெண்ணிடமிருந்து: "மாடு எப்படி டீச்சர் மணி அடிக்கும்?" கொம்பால் அடித்தது என்றுதான் சேக்கிழார் சொல்கிறார். அவள் வீட்டில் மாடு உண்டு. அது எரிச்சல் வந்தால் கட்டுத்தறியை எப்படி முட்டும் என்று நடித்துக் காட்டினாள். அதையே வைத்துக்கொண்டோம். அடுத்தது மந்திரி. மகன்மேல் தேரை ஏற்றும்படி அரசன் ஆணையிட, அந்த மந்திரி அதைச் செய்ய மாட்டாமல் தன் உயிரையே விட்டுவிடுகிறான். பிறகுதான் அரசனே தேரை ஓட்டுகிறான். பள்ளி நாடகங்களில் இந்த மந்திரியைப் பெரும்பாலும் வெட்டிவிடுவார்கள். எங்கள் பிள்ளைகள் அவனை விடவில்லை. 'தப்பே செய்யாதவன் எதுக்குச் சாகணும்?' என்று இரண்டு நாள் சண்டை. பத்து மதிப்பெண் நெடுவினாவாக அந்தப் பகுதியை எத்தனையோ வருடம் நடத்தியிருக்கிறேன், ஒரு வகுப்பிலும் இந்தக் கேள்வி வந்ததில்லை.

மந்திரியாக நடித்தவன் ஒன்பதாம் வகுப்பு. மகரக்கட்டு உடைகிற வயது. ஒரு சொல் கீழே, அடுத்த சொல் கீச்சென்று மேலே. வகுப்பில் வாசிக்கச் சொன்னால்கூட எழுந்து நிற்க மாட்டான். விழா அன்று "என்னால் முடியாது அரசே" என்கிற இடத்தில் 'முடியாது' பிளந்துகொண்டு வெளியே வந்தது. கூட்டம் சிரித்தது. நான் திரைக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டேன். அவன் சிரிப்பு அடங்குகிற வரைக்கும் அரசனையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அதே வசனத்தை, இந்த முறை மெதுவாக, மறுபடியும் சொன்னான். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கியபோது, அதில் சேர்ந்த, பின்னாளில் புகழ்பெற்ற நாடக நடிகரான டி.கே.சண்முகத்துக்கு ஆறு வயது. மைக் இல்லாத காலம். ஆர்மோனியத்தின் கட்டைக்கு ஈடுகொடுத்துக் கடைசி வரிசைவரை பாடிய சிறுவர்கள் அவர்கள். அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் ஏங்கவில்லை. பாய்ஸ் கம்பெனிகள் என்ற அந்தச் சிறுவர் நாடகக் குழுக்களில் பிரம்படியும் இருந்தது, அம்மா அப்பாவைப் பிரிந்த அழுகையும் இருந்தது. ஆனால் பிள்ளையின் தொண்டையை ஒரு வாத்தியக் கருவிபோல மதித்த பழக்கம் நம்மிடமே இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். இலங்கையில் 'நாடகமும் அரங்கியலும்' பள்ளிப் பாடமாகவே இருக்கிறது. நம் பிளஸ் டூ போன்ற உயர்தரத் தேர்வுக்கே எடுத்துப் படிக்கலாம். இங்கே 2022-23 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளுக்குக் கலைத் திருவிழா என்று போட்டிகள் நடத்துகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பிள்ளையைப் போட்டிக்கு அனுப்புவதற்கு முந்தைய வாரம் மட்டும் பழக்கினால் போதாது; வாரத்தில் ஒரு பாடவேளையாவது வேண்டும்.

நான் கேட்பது சின்ன விஷயம். ஆண்டு விழா ஆகட்டும், போட்டி ஆகட்டும், நாடகம் என்று பெயர் கொடுத்தால் வசனத்தை மேடையில் நிற்கிற பிள்ளை தன் வாயால் பேச வேண்டும் என்று ஒரு வரி விதி இருக்கட்டும். பாட்டுக்கும் பின்னணி இசைக்கும் டிராக் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டு மைக்கை எடுத்துவிட்டு மேடையின் முன்விளிம்பில் தாழ்வாக இரண்டு வைத்தால் பிள்ளைகள் மைக்கைத் தேடி ஓட வேண்டியதில்லை. பத்து வசனத்தில் இரண்டு கேட்காமல் போனால்தான் என்ன? பெற்றோர் கொஞ்சம் ஐஸ்கிரீமை வைத்துவிட்டுக் கேட்கட்டும்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் இந்த வருடம் நாடகம் பழக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். போன வாரத்திலிருந்து போய்க்கொண்டிருக்கிறேன். கூழாங்கல் வரைக்கும் வந்திருக்கிறோம். மைக் செட்காரர் இப்போதே இரண்டு தடவை போன் செய்துவிட்டார்: "டீச்சர், பென் டிரைவ் எப்பத் தருவீங்க?"

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.