1956 ஒப்படைப்பு ஒப்பந்தத்தைத் தமிழில் வெளியிடக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஆசிரியை,
வில்லியனூர், புதுச்சேரி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கலை பண்பாட்டுத் துறை,
புதுச்சேரி அரசு.

பொருள்: பிரெஞ்சிந்தியப் பகுதிகளான புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகியவற்றை இந்தியாவுக்கு ஒப்படைத்த ஒப்பந்தத்தைத் தமிழில் அச்சிட்டு வழங்கவும், கீழூரில் அதன் பிரிவுகளைப் பலகையாக வைக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஆகஸ்ட் 15 அன்று பள்ளியில் கொடியேற்றி முடிந்ததும் பிள்ளைகள் என்னிடம் தவறாமல் கேட்பார்கள்: "டீச்சர், நாளைக்கு எதுக்கு லீவு?" கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்ததையும், 170 பேர் இந்தியாவோடு இணையச் சொன்னதையும், நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியதையும் சொல்லிவிடுவேன். அப்புறம்தான் சிக்கல். 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு பிரெஞ்சு நாடாளுமன்றம் 1962 வரை ஒப்புதல் தரவில்லை. பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து அல்ஜீரியாவில் நடந்த போர் ஓய்ந்த பிறகே அது நடந்து, 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. "அதுல என்ன டீச்சர் எழுதியிருக்கு?" என்று கேட்டால் கையில் கொடுக்கத் தமிழில் ஒரு பிரதி இல்லை. நான் தேடியவரை கிடைக்கவும் இல்லை.

எங்கள் வீட்டையே அந்தத் தாள் இரண்டாகப் பிரித்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும் என்றிருந்தது. எனக்கு அப்போது ஏழு வயது. பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா (சிப்பாய்), எழுதிக் கொடுத்தார். அப்பா நெசவாளி, திண்ணையில் தெரிந்தவர் ஒருவர் படித்துச் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் எழுந்து தறிக்குப் போய்விட்டார். ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்த பிள்ளைகளில் அவர்கள் பிரெஞ்சுக்காரர், நாங்கள் இந்தியர். அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று தன் மொழியில் படித்துப் பார்க்காமலே அப்பா காலமானார்.

இது பழங்கதை மட்டுமல்ல ஐயா. நமது தனி நிர்வாக நிலையில் மாற்றம் செய்வதானால் மக்களின் விருப்பத்தை அறிந்தே செய்ய வேண்டும் என்கிறது 2-ஆம் பிரிவு. 1979 ஜனவரியில் தமிழ்நாட்டுடன் இணைக்கும் பேச்சு எழுந்தபோது தெருவில் இறங்கிய எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? இன்றைக்கு மாநிலத் தகுதி கேட்போரும் படிக்க வேண்டிய வரி இது. மக்களின் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாக நீடிக்கும் என்ற 28-ஆம் பிரிவும் அப்படித்தான்.

ஆகவே, ஒப்பந்தம் முழுவதையும் பிள்ளைகளுக்குப் புரியும் எளிய தமிழில் பெயர்த்து, பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டுகிறேன். மாஹேக்கு மலையாளத்திலும் ஏனாமுக்குத் தெலுங்கிலும் வந்தால் நல்லது. கீழூர் நினைவிடத்தில் குடியுரிமைப் பிரிவுகளையும் 2, 28 ஆகிய பிரிவுகளையும் தமிழில் பலகையாக வைக்க வேண்டும். வரும் ஆகஸ்ட் 16-க்குள் பலகையாவது நின்றால் பெரிய உதவி. சரிபார்க்கும் வேலைக்கு ஆள் தேவைப்பட்டால் சம்பளம் இல்லாமல் வந்து உட்காரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியை, வில்லியனூர்.