திருமணம் எது என்று சொல்ல யாருக்கு அதிகாரம்?

அன்புள்ள ரவி,

உன் கடிதம் கிடைத்தது. மகள் சட்டக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்துபோனது. அமெரிக்காவில் திருமணச் சட்டம் மாநிலங்களின் கையில் இருக்கும்போது மத்திய அரசு அதற்கு எப்படி இலக்கணம் வகுத்தது என்று அவள் கேட்டிருக்கிறாள். நல்ல கேள்வி.

1996-இல் கிளின்டன் கையெழுத்திட்ட திருமணப் பாதுகாப்புச் சட்டம் யாருடைய திருமணத்தையும் ரத்து செய்யவில்லை. மத்தியச் சட்டங்களில் எங்கெல்லாம் திருமணம் என்று வருகிறதோ அங்கெல்லாம் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்வதே திருமணம் என்றது. வரி, ஓய்வூதியம், குடியேற்றம் என்று அப்படிப்பட்ட இடங்கள் ஆயிரத்துக்கும் மேல்.

ஈடித் வின்சர் என்ற பெண்ணின் வழக்கை அவளிடம் சொல். பல பத்தாண்டுகள் சேர்ந்து வாழ்ந்த தியா ஸ்பையர் என்ற பெண்ணை அவர் 2007-இல் டொராண்டோவில் மணந்தார். அவர்கள் வாழ்ந்த நியூயார்க் அந்தத் திருமணத்தை ஏற்றது. 2009-இல் தியா இறந்ததும் அவர் விட்டுச்சென்ற சொத்துக்காக மத்திய அரசு வின்சரிடம் வாங்கிய வரி 3,63,053 டாலர். இறந்தவர் கணவராக இருந்திருந்தால் ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டியிருக்காது. துக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் ஓர் அரசு இப்படி நடந்துகொண்டதை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. எண்பது வயதைத் தாண்டியவர் கோர்ட்டுக்குப் போனார்.

2013 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்று வென்றார். நீதிபதி கென்னடி, திருமணம் காலங்காலமாக மாநிலங்களின் அதிகாரம் என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கடைசியில் அரசியல் சாசனத்தின் ஐந்தாம் திருத்தம் காக்கும் சமத்துவத்தில் போய் நின்றார். இது மாநில உரிமைக்குக் கிடைத்த வெற்றி என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மாநில அதிகாரம் மட்டும்தான் அடிப்படை என்றால், தடை போடுகிற மாநிலத்துக்கும் அதே அதிகாரம் உண்டே! வெள்ளையரும் கறுப்பரும் மணப்பதைக் குற்றமாக்கியதும் ஒரு மாநிலம்தான், வர்ஜீனியா. 1967-இல் அந்தச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் உடைத்தது. 2015-இல் ஓபர்கெஃபெல் தீர்ப்பு ஒருபால் திருமணத்தை நாடு முழுவதும் உரிமையாக்கியபோதும் சமத்துவமும் துணைக்கு வந்தது.

2022-இல் பைடன் கையெழுத்திட்ட சட்டம் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. வேறு மாநிலத்தில் நடந்த திருமணத்தை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்றது. ஆனால் எந்த மாநிலத்தையும் திருமண உரிமம் தரச் சொல்லவில்லை. நாளை ஓபர்கெஃபெல் போய்விட்டால், சொந்த ஊரில் மணக்க முடியாமல் மாநில எல்லையைத் தாண்டித்தான் சிலர் மணக்க வேண்டியிருக்கும். என் கவலை அதுதான்.

வின்சர் வழக்கில் கென்னடியின் தீர்ப்பையும் தலைமை நீதிபதி ராபர்ட்ஸின் மாறுபட்ட தீர்ப்பையும் அவள் அடுத்தடுத்து படிக்கட்டும். அப்புறம் அவள் யார் பக்கம் என்று எனக்கே எழுதச் சொல்.

அன்புடன்,
முரளி