ஐயாவுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. ஆனித் தேரோட்டத்துக்கும் நீ வரவில்லை. சரி, லீவு கிடைத்திருக்காது. போனிலும் ரெண்டு வார்த்தையோடு வைத்துவிடுகிறாய். உன் மதினி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவளிடம் போய்க் கேட்காதே.

பொதுவாகச் சொல்கிறேன். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி பார்த்தவள் நான். நெஞ்சு படபடங்குது, மூச்சு முட்டுது, செத்துருவேன் என்று வேர்த்து விறுவிறுத்து வருவார்கள். வேகவேகமாக மூச்சு விடுவதில் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மரத்துப்போகும், சிலருக்குக் கை வளைந்துகூட நிற்கும். பார்த்த உடனே பயம்தான் என்று முடிவு கட்டக்கூடாது. ஈசிஜி, ஆக்சிஜன், சர்க்கரை, தேவைப்பட்டால் இதயத்துக்கான ட்ரோபோனின் ரத்த டெஸ்ட், எல்லாம் பார்த்த பிறகுதான் பானிக் அட்டாக் என்ற பேச்சு. அது பெரும்பாலும் 10 நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய், அப்புறம் தானாக இறங்கும்.

சில இடங்களில் "ஒண்ணுமில்ல, கேஸ் ட்ரபிள்தான்" என்று அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் கோபம். டெஸ்டில் ஒன்றும் இல்லை என்றால், வந்தது நடிப்பு என்று ஆகிவிடுமா? நாங்கள் கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, சாய்த்து உட்காரவைத்து, "மெதுவா இழு, அதைவிட மெதுவா விடு" என்று கூடவே மூச்சு விடுவோம். காகிதப் பையை மூக்கில் வைக்கிற பழைய வைத்தியம் வேண்டாம். உண்மையிலேயே இதயக் கோளாறாக இருந்தால் ஆபத்து. டாக்டர் அன்றைக்கு ஒரு மாத்திரை கொடுக்கலாம், அதையே மெடிக்கலில் வாங்கி வாங்கிப் போடாதே, பழகிவிடும். திரும்பத் திரும்ப வந்தால் மனநல டாக்டரிடம் போகணும். பேச்சு சிகிச்சையும் மருந்தும் நன்றாகவே கேட்கும். டெலி மானஸ் என்று அரசாங்கத்தின் மனநல போன் உதவி இருக்கிறது, நம்பர் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. வெறும் வயிற்றில் காபி குடிக்காதே.

நம் தெருவில் முதல் இன்ஜினியர் நீ என்று ஆச்சி சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் பெருமைதான். அதற்காக ராத்திரி ஆட்டோ பிடித்துத் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய், யாருக்கும் தெரியாமல் திரும்பி வரணும் என்று இருக்கிறதா? உன்னைச் சொல்லவில்லை. ஆனால் நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால், போன தடவை வந்ததுதானே என்று படுத்துவிடாதே. 108ஐக் கூப்பிடு, என்னிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். காபி விஷயம் மறக்காதே.

வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் வருகிறேன். டிக்கெட் எடுத்தாச்சு, வேண்டாம் என்று சொல்லாதே.

அம்மா