அம்மிணியின் இரைச்சலும் பெர்லின்காரரின் விழுந்த பெட்டியும்

சோமனூர்,
மாசி மாதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலை என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே எல்லோரும் சுகம். கார்த்திகை மழையில் கிணறு ஏறியது. சோளத்தட்டு அறுத்துப் போர் போட்டாயிற்று, மாடுகளுக்குக் கோடை வரைக்கும் கவலையில்லை. தறிதான் மனசைப் பிசைகிறது. நம் வீதியில் பாதிக் குடோன் பூட்டிக் கிடக்கிறது. கூலி கட்டுபடியாகவில்லை என்று சாதாத் தறிகளை எடைக்குப் போட்டுவிட்டு இடத்தை வாடகைக்கு விடுகிறார்கள். என் கடைக்கும் தறி மோட்டார் வரத்து குறைந்துவிட்டது. தோட்டத்து மோட்டார்களுக்குக் காயில் கட்டித்தான் பிழைப்பு ஓடுகிறது.

கடைசிப் பக்கத்தில் அம்மிணியைப் பற்றி எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதத்தை இவ்வளவு நீளமாக எழுதப் போகிறேன். வேலை முடிந்து வந்ததும் நடுச்சாமம் வரை லேப்டாப்பில் உட்கார்ந்துகொள்கிறாள், பாட்டும் இல்லை ராகமும் இல்லை, பாஸ் மட்டும் ஜன்னல் கண்ணாடியை அதிரவைக்கிறது, நடுவே படபடவென்று இரைச்சல், கேட்டால் டப் என்று ஒரு இசை வகை என்கிறாள், மைக்செட் போட்டவன் நீ, இதில் என்ன இருக்கிறது, பிழைப்புக்கு என்ன வழி என்று நீயே சொல் என்று கேட்டிருந்தாய். நீ அனுப்பிய துண்டை ஹெட்போன் மாட்டித் திரும்பத் திரும்பக் கேட்டேன். மனசாரச் சொல்கிறேன், நன்றாக இருக்கிறது. இந்த வழியில் போன ஒருவரைப் பற்றி உனக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். அவர் கதை தெரிந்தால் உன் மகள் எதைத் தேடுகிறாள் என்பது உனக்குப் பிடிபடும்.

அவர் பெயர் ஸ்டெஃபான் பெட்கே. ஜெர்மனியில் டூசல்டார்ஃப் நகரில் 1967-ல் பிறந்தவர், கிட்டத்தட்ட நம் வயசு. என் மச்சான் பையன் அந்த நாட்டிலிருந்து லீவில் வந்தபோது அவருடைய இசையைக் கேட்கக் கொடுத்தான். அன்றிலிருந்து விடாமல் கேட்கிறேன்.

பெட்கேயிடம் வால்டார்ஃப் கம்பெனியின் 4-போல் என்ற ஃபில்டர் பெட்டி இருந்தது. ஆம்ப்ளியில் டிரபிள் குமிழைக் குறைப்போமே, அந்த வேலையைத்தான் ஃபில்டரும் செய்யும், ஆனால் கறாராகச் செய்யும். போல் என்பது அதில் ஒரு வடிகட்டும் படி, ஒவ்வொன்றும் ஒரு ஸ்தாயிக்கு 6 டெசிபல் வெட்டும். நாலு போல் சேர்ந்தால் 24 டெசிபல். குறித்த இடத்துக்கு மேலே இருக்கிற சத்தம் மளமளவென்று அடங்கிவிடும். 1996-ல் அந்தப் பெட்டி கைதவறிக் கீழே விழுந்துவிட்டது. விழுந்த பிறகு அது தன் போக்கில் சொடுக்கவும் பொரியவும் ஆரம்பித்தது. எந்த நேரத்தில் சொடுக்கும், எவ்வளவு சத்தமாகச் சொடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நம் கடையென்றால் மூடியைக் கழற்றி சால்டரிங் வைத்திருப்போம். அவர் அதை அப்படியே வைத்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டார். அந்தப் பொரியலே தாளமாயிற்று. அடியில் ஆழமான பாஸ், மேலே எக்கோவில் கரைந்துபோகிற ஒன்றிரண்டு சுரக்கூட்டுகள், வேறொன்றும் கிடையாது. பெட்டியின் பெயரிலிருந்தே போல் என்று தனக்கும் பெயர் வைத்துக்கொண்டார். 1998-ல் முதல் ஆல்பம், பெயர் '1'. அடுத்த வருஷம் '2'. 2000-ல் '3'. ஒன்றுக்கு நீல அட்டை, ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு மஞ்சள். கேட்கிறவனுக்கும் சத்தத்துக்கும் நடுவில் வேறெதையும் நிறுத்தாத மனுஷன்.

முதல் தடவை கேட்டபோது எனக்குக் கை பரபரத்தது. மோட்டார் பேரிங் போய்விட்டதா என்று பார்க்க ஸ்குரூடிரைவர் முனையை மோட்டார்மேல் வைத்துப் பிடியைக் காதில் அழுத்திக் கேட்போம் அல்லவா, அந்தச் சத்தம் அதில் இருந்தது. இத்தனை வருஷமாக நான் அந்தச் சத்தத்தைக் கேட்பது கோளாறைக் கண்டுபிடிக்கத்தான். ஒருத்தர் அதற்குள்ளேயே குடியிருந்து, மூன்று ஆல்பம் போடுகிற அளவுக்கு அதில் விஷயம் இருக்கிறது என்று காட்டிவிட்டார்.

இந்த டப் பிறந்த இடமும் ஒரு ரிப்பேர் கடைதான், தெரியுமா? ஜமைக்காவில் கிங்ஸ்டன் நகரில் வாட்டர்ஹவுஸ் என்ற ஏழைப் பேட்டை. அங்கே ஆஸ்போர்ன் ரடக் என்று ஒரு ரேடியோ மெக்கானிக், 1941-ல் பிறந்தவர். டிரான்ஸ்ஃபார்மரைத் தானே சுற்றி, ஆம்ப்ளியைத் தானே கட்டி, சொந்தமாக ஒரு சவுண்ட் சர்வீஸும் நடத்தினார். ஊர் அவரை கிங் டபி என்று கூப்பிட்டது. 1970-களின் தொடக்கத்தில் வேறொரு பெரிய ஸ்டூடியோ கழித்துவிட்ட நாலு டிராக் மிக்ஸரை வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொண்டார். வாத்தியக் குழு உட்கார அங்கே இடமே கிடையாது. மற்ற ஸ்டூடியோக்களில் பதிந்த டேப்பைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். குரலை எடுத்துவிடுவார். கித்தாரை எடுத்துவிடுவார். பாஸும் டிரம்மும் மட்டும் நடந்துகொண்டிருக்கும். திடீரென்று ஒரே ஒரு சொல்லைத் திறந்துவிட்டு, அது எக்கோவில் சுழலும்போதே மூடிவிடுவார். மிக்ஸரில் இருந்த ஒரு பெரிய குமிழைத் திருப்பித் திருப்பி டிரம் சத்தத்தை மெலிய வைப்பார். ஸ்பிரிங் ரிவெர்ப் பெட்டியைத் தட்டினால் இடி விழுந்த மாதிரி கேட்கும், அதையும் பாட்டில் சேர்த்துவிடுவார். பாட்டு பாடகனுடையதாக இருக்கலாம், அந்த நாலு நிமிஷம் டபியுடையது.

ஜமாப் அடிக்கும்போது மேளம் சட்டென்று நின்று ஒரு மூச்சு விடுமே, அந்த மூச்சில் ஆடுகிறவன் கால் நிற்காது. டபி அந்த மூச்சை நீட்டி நீட்டி ஒரு முழுப் பாட்டாக்கினார் என்று வைத்துக்கொள்.

சயன்டிஸ்ட் என்று பிற்பாடு பேர் வாங்கிய ஹோப்டன் பிரவுன் சின்னப் பையனாக அந்தக் கடைக்கு வந்து முதலில் செய்தது டிரான்ஸ்ஃபார்மருக்குக் காயில் சுற்றுகிற வேலை. படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் கடையில் இன்றைக்கும் ஒரு பையன் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான். டபியிடம் தொழில் பழகிய இன்னொருவர் பிரின்ஸ் ஜாமி. 1985-ல் அவர் போட்ட ஒரு மெட்டு ஜமைக்காவின் இசையையே திருப்பிப்போட்டது. அதற்கு ஆதாரம் காசியோ எம்டி-40 கீபோர்டுக்குள் கம்பெனியே போட்டுவைத்த ஒரு ரிதம். ஒகுடா ஹிரோகோ என்ற ஜப்பான் பெண் அமைத்தது. நம் பக்கத்துக் கச்சேரிக் குழுக்களும் காசியோ வைத்துத்தானே வாசித்தார்கள்! டபியை 1989 பிப்ரவரியில் அவர் வீட்டு வாசலிலேயே யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள். 48 வயசு.

அந்த ஜமைக்கா சத்தம் பெர்லினில் வேர் பிடித்தது 1990-களில். மார்க் எர்னஸ்டஸ், மோரிட்ஸ் ஃபான் ஓஸ்வால்ட் என்று இரண்டு பேர் 1993-ல் பேசிக் சேனல் என்ற பெயரில் டெக்னோ என்ற மின்னணு நடன இசையையும் டப்பையும் குழைத்தார்கள். அந்த வட்டத்திலேயே இருந்த டப்பிளேட்ஸ் அண்ட் மாஸ்டரிங் கூடத்தில்தான் பெட்கே வினைல் தட்டு வெட்டுகிற வேலை பார்த்தார். இந்த இடத்தை நீ கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் பிழைப்புக்கு என்ன வழி என்று நீ கேட்டதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

தட்டு வெட்டுவது லேசான காரியமில்லை. பாஸ் கூடினால் வரிப்பள்ளம் அகலும். பள்ளம் அகன்றால் ஒரு பக்கத்தில் ஓடுகிற நேரம் குறையும். ஆழமான பாஸ் இடது வலது என்று பிரிந்து கிடந்தால் ஊசி துள்ளிவிடும், அதனால் அதை நடுவில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இதெல்லாம் தெரிந்த ஆளிடம்தான் ஊரார் தங்கள் இசையை ஒப்படைப்பார்கள். பெட்கே பிற்பாடு பெர்லினிலேயே ஸ்கேப் என்று தன் சொந்த மாஸ்டரிங் கூடம், அதாவது பதிந்த இசையை வெளியிடுமுன் கடைசியாகச் சீர்செய்கிற கூடம், வைத்தார். தன் இசையை அவசரமில்லாமல் செய்ய அந்தத் தொழில் அவருக்கு இடம் கொடுத்தது என்று நான் நினைக்கிறேன். 1999-ல் பார்பரா பிரைசிங்கருடன் சேர்ந்து ஸ்கேப் என்ற பெயரிலேயே ஒரு லேபிளும் தொடங்கி, 2010 வரை நடத்தி, மற்றவர்களின் தட்டுகளை வெளியிட்டார். யான் யெலினெக் 2001-ல் போட்ட அருமையான ஆல்பம் அதில் வந்ததுதான்.

அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது ஆல்பத்துக்குப் பிறகு செய்தது. அந்தப் பொரியல் சத்தத்தால்தான் உலகத்துக்கு அவரைத் தெரியும். அதை வைத்தே காலம் தள்ளியிருக்கலாம். 2003-ல் வந்த ஆல்பத்தில் அந்தப் பொரியலை விட்டுவிட்டு, ஃபேட் ஜான் என்ற ராப்பரின் குரலைச் சேர்த்தார். 2007-ல் 'ஷ்டைன்கார்டன்'. அதற்கப்புறம் எட்டு வருஷம் கழித்து, 2015-ல்தான் அடுத்த ஆல்பம். அவசரமே கிடையாது.

2020-ல் வந்த 'ஃபேடிங்' ஆல்பத்தை மட்டும் நீ தனியாக உட்கார்ந்து கேள். ஞாபகம் மறைந்துபோவதைப் பற்றியது. அவருடைய அம்மா மறதி நோயால் பட்ட பாடு அதன் பின்னால் இருக்கிறது. உன் ஆத்தா கடைசிக் காலத்தில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் என் ஐயன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, பருத்தி என்ன விலை போகிறது என்று கேட்பார்கள், நினைவிருக்கிறதா? அந்த ஆல்பத்தில் ஒரு மெட்டு எழுந்து வரும், கைக்குச் சிக்கும் என்று நினைக்கும்போது மங்கிவிடும். கேட்கும்போது ஆத்தா முகம்தான் எனக்கு வந்தது. சொல்லே இல்லாத இசைக்குள் இது எப்படி வந்து உட்கார்ந்தது என்று இன்றும் வியந்துகொண்டிருக்கிறேன்.

அதனால் மாப்பிள்ளை, அம்மிணியை நிறுத்தச் சொல்லாதே. அவள் துண்டில் பாஸுக்கும் இரைச்சலுக்கும் நடுவில் இடம் விட்டிருக்கிறாள். அந்த இடத்தை விடத் தெரிவதுதான் இந்தத் தொழிலில் கஷ்டம். நம் இரண்டு பேருக்கும் அந்த வயசில் குழாய் ஸ்பீக்கரை எவ்வளவு அலற விடலாம் என்பதைத் தவிர வேறு யோசனை வந்ததில்லை. ஒரே ஒரு குறை எனக்குப் பட்டது. அந்த இரைச்சல் எங்கோ வாங்கின சத்தம் மாதிரி இருக்கிறது. அவளுக்கென்று ஒரு சத்தம் இங்கே காத்துக்கிடக்கிறது, அதற்காகத்தான் அவளை இங்கே அனுப்பச் சொல்கிறேன்.

ஒரு குடோனில் எட்டுத் தறி ஓடினால் எட்டும் ஒரே வேகத்தில் ஓடாது. ஒன்றில் பெல்ட் வழுக்கும், ஒன்றில் புல்லி தேய்ந்திருக்கும். ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகிற நாடா அடிக்கிற சத்தம் கொஞ்ச நேரம் ஒட்டுக்காக விழும், அப்புறம் மெதுவாக விலகும், பிறகு வேறு இரண்டு தறிகள் சேர்ந்துகொள்ளும். சின்ன வயசில் அந்தச் சத்தம் இல்லாவிட்டால் நமக்குத் தூக்கமே வராது. இன்னும் எத்தனை வருஷம் அது கேட்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. அம்மிணி வந்து அதைப் பதிந்துகொண்டு போகட்டும். பாஸும் எக்கோவும் பிறகு அவள் பாடு.

எதிர்வீட்டுக் குடோன்காரரிடம் பேசிவிட்டேன். சந்தோஷமாகச் சம்மதித்தார். எல்லாத் தறியையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக ஓட்டித் தருவார், ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்தும் தருவார். உள்ளே சத்தம் காதை அடைக்கும் என்பதால் ரெக்கார்டரில் லெவலை நன்றாகக் குறைத்துவைக்கச் சொல். காதுக்கு அடைப்பானும் வேண்டும். சுவருக்கு வெளியே மைக் வைத்தும் ஒரு தடவை பதியட்டும், சுவர் மேல்சத்தத்தை எல்லாம் தின்றுவிட்டு அடிச்சத்தத்தை மட்டும் விடும். பழைய நாடாவும் அதற்குள் நூல் சுற்றி வைக்கிற தார்க்குச்சியும் ஒரு சாக்கு நிறைய எடுத்துவைத்திருக்கிறேன், தட்டிப் பார்க்க அவளுக்கு உதவும்.

மாரியம்மன் நோம்பிக்கு முந்தின வாரம் வந்தால் ஜமாப்பையும் சேர்த்துக் கேட்கலாம். நோம்பி அன்றைக்குத் தறி ஓடாது, ஞாயிற்றுக்கிழமையும் ஓடாது, அதற்குத் தக்கபடி டிக்கெட் போடு. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு நீயும் வா, பழமை பேசி வெகுநாளாயிற்று. சோமனூரில் எல்லா எக்ஸ்பிரஸும் நிற்காது. திருப்பூரில் இறங்குங்கள், நான் வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்