செங்கல்லைத் தட்டிப் பார்த்தேன், அப்பா

பெர்லின்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. வேலை என்று சாக்குச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். 'அங்கே கட்டடமெல்லாம் கல்லா, செங்கல்லா?' என்று கேட்டிருந்தீர்கள். நான் சாப்பிடுகிறேனா என்ற அம்மாவின் கேள்வி அதற்குக் கீழேதான் இருந்தது. அதனால் முதலில் செங்கல்.

குளிர் வந்தாயிற்று. நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. நான் கடுகு தாளித்தால் கம்பால் மேலே இடிப்பாரே கீழ்வீட்டுப் பெரியவர், அவரும் நானும் இப்போது ராசி. நாற்பது வருஷம் கொத்தனாராக இருந்தவராம். நீங்கள் பி.டபிள்யூ.டி. ஓவர்சீயர் என்று சொன்னதுதான் தாமதம், தன் பழைய கம்பளிக் கோட்டை என் தோளில் போட்டு, 'வா' என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். கோட்டு நல்ல கோட்டு. இந்த வருஷம் புதிது வாங்க வேண்டியதில்லை.

எங்கள் பேட்டைக்கு வெட்டிங் என்று பெயர். இங்கே சந்தை கூடும் லியோபோல்ட்பிளாட்ஸில் ஒரு சிவப்புச் செங்கல் தேவாலயம் இருக்கிறது. கோபுரம் இல்லை. கடை கட்டும் நேரத்தில் காய் மலிவாகக் கிடைக்கும் என்று தினமும் அதன் வழியாகத்தான் போவேன். ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. கட்டியவர் கார்ல் ஃப்ரீட்ரிக் ஷிங்கெல். 1832 முதல் 1835 வரை வேலை நடந்திருக்கிறது. ராஜா முதலில் பெரிதாக இரண்டு தேவாலயம் கேட்டாராம். அப்புறம் நாலாகச் சின்னதாகக் கட்டு, கோபுரம் வேண்டாம், செலவைக் குறை என்றாராம். எஸ்டிமேட்டில் கை வைப்பது இங்கேயும் உண்டு, அப்பா. ஆஸ்பத்திரி வராந்தாவை வெட்டிவிட்டார்கள் என்று நீங்கள் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தீர்களே, அது ஞாபகம் வந்தது.

ஷிங்கெலும் உங்கள் இனம்தான். அரசாங்கக் கட்டட இலாகா உத்தியோகஸ்தர். 1810ல் சேர்ந்தபோது கொடுத்த பொறுப்பைக் கேட்டால் சிரிப்பீர்கள்: ஊர் ஊராக வரும் பிளான்கள் அழகாக இருக்கின்றனவா என்று பார்ப்பது! நம் இலாகாவில் அப்படி ஒரு நாற்காலி உண்டா? அதற்கு முன்னால் பாவம், கஷ்டகாலம். 1806ல் நெப்போலியன் படை ஊருக்குள் வந்ததும் கட்டட வேலை படுத்துவிட்டது. பெரிய பெரிய காட்சிப்படங்கள் வரைந்து காலம் தள்ளியிருக்கிறார். என் வேலை நன்றாகப் போகிறது, கவலை வேண்டாம். இப்போது வாரம் மூன்று நாள்தான் வரச் சொல்கிறார்கள், அதனால் ஊர் சுற்ற நேரம் கிடைக்கிறது.

1817ல் இங்கே நாடகக் கொட்டகை எரிந்துபோனது. புதிதாகக் கட்டும்போது எரிந்ததில் மிஞ்சிய தூண்களையே ஷிங்கெல் திரும்ப நிறுத்தினார். உங்களுக்குப் பிடிக்கும். 1830ல் இலாகாவுக்கே தலைவர். கட்டடக் கலைப் பள்ளிக்கு ஒரு செங்கல் கட்டடம் எழுப்பி, 1836ல் மேல்மாடிக்குக் குடிபோனார். இலாகா ஆபீசும் அதே கட்டடத்தில். யுத்தத்தில் அடிபட்டு நின்றதை 1962ல் இடித்துவிட்டார்கள். இப்போது ஒரு மூலையை மட்டும் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். முழுசாகக் கட்டட்டும், இல்லாவிட்டால் விட்டுவிடட்டும் என்று பெரியவருக்குக் கோபம். எனக்கு அந்த மூலை பிடித்திருக்கிறது.

தேவாலயத்துச் சுவரிடம் என்னை நிறுத்தி, கையுறையைக் கழற்றச் சொன்னார். இரண்டு வரிசைக்கு நடுவே விரலை வைத்து ஓட்டச் சொன்னார். அங்கே இங்கே பெயர்ந்திருந்தாலும் வரிசை நூல் பிடித்தாற்போல் நேர். சூளையில் நீங்கள் செய்வதுபோல் ஒரு கல்லை விரல் முட்டியால் தட்டினேன். அப்போதுதான் மழை விட்டிருந்தது. ஈரச் செங்கல் வாசனை. பின்கட்டுச் சுவர் எழும்பியபோது பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாளியும் கையுமாகத் தண்ணீர் காட்ட விடுவீர்களே, அதே வாசனை. பெரியவர் என்னவோ கேட்டார். ஜெர்மனில் ஒரு வார்த்தைகூட எனக்கு வாயில் வரவில்லை. திரும்பும்போது தன் கழுத்துத் துணியையும் எடுத்து எனக்குச் சுற்றிவிட்டார்.

ஷிங்கெல் அறுபது வயதில் போய்விட்டார். கடைசி ஒரு வருஷம் படுக்கை. ஓயாத வேலைதான் ஆளைச் சாய்த்தது என்கிறார் பெரியவர். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், மெத்தை ஒழுகுகிறது என்று நீங்களே ஏணி வைத்து ஏறினீர்களாம், தங்கச்சி போனில் சொன்னாள். தயவுசெய்து ஏறாதீர்கள். மேலத்தெரு மேஸ்திரியைக் கூப்பிடுங்கள். தட்டோடு முழுக்க மாற்ற வேண்டாம், கைப்பிடிச் சுவர் ஓரம் விரிசலைக் கொத்திவிட்டுப் பூசினால் இந்த மழைக்குத் தாங்கும். பணம் இந்த மாதம் பத்துத் தேதிக்கு மேல்தான் அனுப்ப முடியும். கொஞ்சம் குறைவாக இருக்கும், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். அம்மாவிடம் பத்துத் தேதி என்று மட்டும் சொல்லுங்கள்.

சித்தப்பா கொல்லைப் பக்கம் தனக்கென்று கேட்டால் கிணற்றை மட்டும் பொதுவில் வையுங்கள். நான் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். தங்கச்சி வளைகாப்புக்கு மாப்பிள்ளை வீட்டார் தேதி சொன்னதும் எழுதுங்கள். லீவு கேட்டுப் பார்க்கிறேன். அத்தை கண் ஆபரேஷன் என்ன ஆயிற்று என்று யாருமே சொல்லவில்லை. மேஸ்திரி வந்தால் எத்தனை சதுரம், கூலி எவ்வளவு என்று தனித்தாளில் எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

உங்கள் மகன்
பெரியவன்