ஈரத்தில் வெட்டினால் காய்ந்ததும் ஏறும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் முக அமைப்புக்கு ஏற்ற ஹேர்கட் பற்றி முழுப் பக்கம் வந்திருந்தது. வட்ட முகம், நீள முகம், சதுர முகம் என்று ஒன்று விடாமல் படம் போட்டிருந்தீர்கள். படத்திலிருந்த தலைகள் அத்தனையும் சீப்பு வைத்தால் வழுக்கிக்கொண்டு இறங்குகிற நேர்முடி. எங்களுக்கென்று கடைசியில் ஒரே ஒரு வரி: சுருட்டை முடி உள்ளவர்கள் முதலில் ஸ்மூத்தனிங் (மருந்து பூசி முடியை நேராக்குவது) செய்துகொண்டால் மேற்சொன்ன எந்த ஸ்டைலும் எடுப்பாக இருக்கும். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். சலூன் நாற்காலியில் எப்போது உட்கார்ந்தாலும் நான் கேட்டுவருவதும் அதே வரிதான்.

நான் தையல் தொழில் செய்கிறவள். காட்டன் துணி வந்தால் நனைத்து, உலர்த்தி, அப்புறம்தான் கத்தரி வைப்பேன். அப்படியே வெட்டித் தைத்தால் முதல் துவைப்பிலேயே இழுத்துக்கொள்ளும். கொடுத்தவர் மறுநாள் வாசலில் வந்து நிற்பார். தொழில் பழக வருகிற பிள்ளைக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்போம். சுருட்டை முடி அதைவிட அதிகமாக இழுத்துக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போது என் முடி தோளுக்குக் கீழே தொங்கும். காய்ந்தால் காதுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றுவிடும். இது தெரியாமல் ஒருவர் அதில் கத்தரி வைக்கலாமா?

வைக்கிறார்கள். ஷாம்பூ போட்டு அலசிவிட்டுத் துண்டால் பரபரவென்று தேய்ப்பார்கள். நெருக்கமான பல் உள்ள சீப்பை எடுத்து உச்சியிலிருந்து கீழே இழுப்பார்கள். சிக்கில் மாட்டும். இன்னும் பலமாக இழுப்பார்கள். கழுத்து பின்னால் போய் வரும். பிறகு ஒரு கற்றையை இரண்டு விரலுக்கு நடுவில் விறைப்பாகப் பிடித்து, நேர்கோட்டில் ஒரு வெட்டு. கண்ணாடியில் பார்த்தால் ஸ்கேல் வைத்த மாதிரி சரியாக இருக்கும். ஆனால் ஒரே தலையில் எல்லா இடத்திலும் சுருள் ஒன்றுபோல இருக்காதே. எனக்கு உச்சியில் லேசான அலை, பிடரியில் விரல்கூட நுழையாத இறுக்கமான சுருள், நெற்றியோரம் இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகம். ஈரத்தில் ஒரே நீளத்துக்கு வெட்டியதெல்லாம் காயும்போது அதனதன் இஷ்டத்துக்கு ஏறும். புருவத்தைத் தொட வேண்டிய முன்முடி நடு நெற்றியில் போய் உட்காரும். பின்னால் இடப்பக்கம் ஒரு படி, வலப்பக்கம் ஒரு படி.

அங்கேயே தெரிந்தால் அங்கேயே கேட்டுவிடலாம். தெரியாது. வெட்டின கையோடு உருளை பிரஷ்ஷில் சுற்றி, ப்ளோ டிரை போட்டு நேராக்கின பிறகுதான் பின்பக்கம் கண்ணாடியைக் காட்டுவார்கள். "சூப்பரா இருக்குக்கா, பாருங்க!" நமக்கும் அந்த நேரத்தில் நன்றாகத்தான் தெரியும். ப்ளோ டிரை செய்வது, முடியின் புரதத்துக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைச் சூட்டால் கொஞ்ச நேரத்துக்கு இடம் மாற்றி வைப்பதுதான். தண்ணீர் பட்டால் முடி பழைய வளைவுக்கே திரும்பிவிடும். ஆகவே வீட்டில் தலைக்கு ஊற்றிக் காயவிட்ட பிறகுதான் உண்மையான வெட்டு வெளியே வரும். வெட்டியவர் அதைக் கடைசிவரை பார்ப்பதே இல்லை. தன் வேலை எப்படி முடிந்தது என்று பார்க்காமலே காசு வாங்குகிற தொழில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன், எனக்குத் தோன்றவில்லை. திரும்பிப் போய்க் கேட்டால், "வீட்டுல மெயின்டெய்ன் பண்ணலையாக்கா?" என்று கேள்வி நம் பக்கமே திரும்பும்.

தின்னிங் கத்தரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல் பல்லாக இருக்குமே, அது. "ரொம்ப அடர்த்தியா இருக்குக்கா, கொஞ்சம் வெயிட் எடுத்துடறேன்" என்று கேட்காமலே உள்ளே விடுவார்கள். சுருட்டை முடியில் பல இழைகள் ஒன்றாகச் சேர்ந்துதான் ஒரு சுருள் உருவாகிறது. தின்னிங் கத்தரி அந்தச் சேர்க்கைக்கு நடுவில் சில இழைகளை மட்டும் குட்டையாக்கிவிடும். குட்டை இழைகள் கூட்டத்தோடு சேராமல் தனித்தனியே விறைத்து நிற்கும். மேலே உள்ள நீள முடியையும் தூக்கிவிடும். அடர்த்தியைக் குறைக்கிறேன் என்று செய்தது தலையை இன்னும் பெரிதாகக் காட்டும். அது வளர்ந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை கிளிப்தான் துணை.

என் தலையில் ஏதோ கோளாறு என்றே இளம் வயதில் நம்பிக்கொண்டிருந்தேன். "ரொம்ப டேமேஜ் ஆயிருக்கு" என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! மருந்து, சாயம் எதுவும் படாத முடி அது. சுருட்டை முடிக்கு மயிர்க்காலே தோலுக்குள் வளைந்திருக்கிறது; இழையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும். உச்சந்தலையில் சுரக்கும் எண்ணெய் நேர்முடியில் நுனிவரை சுலபமாக இறங்கிவிடும். சுருளில் திருப்பத்துக்குத் திருப்பம் தயங்கி, நுனிக்குச் சரியாகப் போய்ச் சேராது. நுனி வறண்டிருப்பது அதனால்தான். காய்ந்த முடியைப் பிரஷ்ஷால் சீவினால் சுருள்கள் பிரிந்து பம்மென்று எழும்பும். முதலில் பிரஷ்ஷால் சீவி அப்படி ஆக்கிவிட்டு, அதையே கண்ணாடியில் காட்டி, "பாருங்கக்கா, எவ்வளவு ஃப்ரிஸ்ஸுன்னு" என்பார்கள்.

அடுத்த வார்த்தை கெரட்டின் ட்ரீட்மென்ட் அல்லது ஸ்மூத்தனிங். முடி வெட்டப் போனவளிடம் இந்தப் பேச்சு வராத சலூனை நான் பார்த்தது அபூர்வம். என் மகளுக்கும் என் முடிதான். அவள் பள்ளிச் சீருடையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, அவளிடம் பேசாமல் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "பாப்பாவுக்கு இப்பவே பண்ணிடலாம்க்கா, அப்புறம் பிரச்சினையே இல்ல" என்றார் அந்தப் பெண். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டோம்.

பிரச்சினையே இல்லை என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். முடியின் வடிவத்தைப் பிடித்துவைத்திருப்பது, முடியிலேயே இருக்கும் கெரட்டின் என்ற புரதத்திலுள்ள கந்தகப் பிணைப்புகள். நிரந்தர ஸ்ட்ரெய்ட்டனிங் மருந்து அவற்றை உடைத்து நேராக மறுபடி பூட்டுகிறது. வேரிலிருந்து புதிதாக வருவது பழையபடி சுருண்டுதான் வரும். மேலே சுருள், கீழே கம்பி. இரண்டும் சேருகிற இடத்தில் முடி எளிதில் முறியும். ஆகவே மறுபடி வா, மறுபடி பூசு. கெரட்டின் ட்ரீட்மென்ட் என்ற பெயரில் பூசப்படும் கிரீம்கள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு அல்லது சூடு பட்டால் அதை வெளிவிடும் மெத்திலீன் கிளைக்கால் இருந்திருக்கிறது. அதன்மேல் கிட்டத்தட்ட 230 டிகிரி செல்சியஸ் சூட்டில் முடியை நேராக்கும் அயர்னை ஓட்டுகிறார்கள். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை 2011-இலேயே சலூன்களுக்கு எச்சரிக்கை விட்டது. 'ஃபார்மால்டிஹைடு இல்லை' என்று லேபிள் ஒட்டிய பொருளிலும் அது இருந்ததாக அந்த எச்சரிக்கையே சொல்கிறது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமிலக் கிரீமைப் பூசிக்கொண்ட ஒரு பெண்ணுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024-இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது.

2022-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வு வெளியிட்டது. ஸ்ட்ரெய்ட்டனிங் மருந்து பயன்படுத்தாதவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம், ஆண்டில் 4 முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம். மருந்துதான் காரணம் என்று அந்த ஆய்வு அறுதியிட்டுச் சொல்லவில்லை, தொடர்பு இருக்கிறது என்கிறது. அச்சம் கிளப்ப இதை எழுதவில்லை. யோசித்துச் செய்துகொள்கிறவர் செய்துகொள்ளட்டும், அது அவரவர் தலை. முடிவெட்டத் தெரியாத குறையை மறைக்க இதை ஒரு வழியாக விற்பதைத்தான் சொல்கிறேன். அந்தப் புகையை அதிகம் சுவாசிப்பதும் நாம் இல்லை. நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை செய்கிற அந்தப் பெண்கள்தான். ஒருமுறை பக்கத்து நாற்காலியில் அயர்ன் ஓடிக்கொண்டிருந்தபோது என் கண் எரிந்து நீர் கொட்டியது. அயர்னைப் பிடித்திருந்தவர் முகத்தில் சாதாரணத் துணி மாஸ்க் மட்டும்தான் இருந்தது.

(இடையில் ஒன்று. நேர்முடிக்குச் செயற்கையாகச் சுருள் போடும் பெர்ம் முறை வந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஆரம்ப காலத்தில் சூடான உருளைகளில் முடியைச் சுற்றிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்களாம். எங்களுக்குச் சும்மா கிடைத்திருக்கிறது.)

சுருட்டை முடியை வெட்டத் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. எனக்கு வாய்த்த ஒருவர் வயதில் மூத்தவர். நான் உட்கார்ந்ததும் ஷாம்பூ பக்கம் போகவில்லை. காய்ந்த முடியிலேயே விரலை விட்டுப் பார்த்தார். "வகிடு எந்தப் பக்கம் எடுப்பீங்கம்மா? தானா காய விடுவீங்களா, கட்டிக்குவீங்களா?" என்று கேட்டார். பிறகு ஒவ்வொரு சுருளாக, அது எங்கே விழுகிறதோ அங்கேயே வைத்து, இழுக்காமல், நுனியில் மட்டும் வெட்டினார். அடிக்கடி இரண்டடி பின்னால் போய் நின்று மொத்த உருவத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அலசினார். கண்டிஷனரோடு விரலாலேயே நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்தார். கூடுதல் நேரம் ஆனது உண்மைதான். காய்ந்ததும் மறுபடி ஒருமுறை சுற்றிப் பார்த்து, காதோரம் ஒரு சுருளைச் சரிசெய்துவிட்டு, "இப்ப போங்க" என்றார். நானும் வெட்டுகிறவள் என்பதால் ஒரு நல்ல கையைப் பார்த்தால் தெரியும்.

அவர் இதை எந்த வகுப்பிலும் படிக்கவில்லையாம், தானாகப் பழகிக்கொண்டதாம். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. பயிற்சிக்கு வைக்கும் பொம்மைத் தலையில் நேர்முடிதான் இருக்கிறது; அதில் பழகிய கை எங்கள் தலையில் வந்து தடுமாறுகிறது. அந்தப் பிள்ளைகளை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? பிரிட்டனில் 2021-இல் முடிதிருத்தும் தொழிலுக்கான தேசியத் தரநிலைகளைத் திருத்தி, சுருட்டை முடியையும் ஆப்பிரிக்க முடியையும் எல்லாருக்குமான பாடத்தில் சேர்த்தார்கள். நியூயார்க் மாநிலம் 2023-இல் சட்டமே போட்டது: எல்லா வகை முடியிலும் பயிற்சி இல்லாமல் அழகுக்கலைப் படிப்பு கூடாது என்று. மற்ற இடங்களிலும் பயிற்சி நிலையம் நடத்துகிறவர்கள் சட்டம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. சுருட்டை முடி வைத்த பொம்மைத் தலையும் விலைக்குக் கிடைக்கத்தான் செய்கிறது.

அதுவரை சலூன்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள். எனக்கு வராத வேலையைக் கொண்டுவந்தால், வேறு கடைக்குப் போங்கள் என்று நானும் சொல்கிறேன்; அவர்கள் அடுத்த மாதம் வேறு வேலையோடு என்னிடமே வருகிறார்கள்.

என்னைப் போன்ற தலைக்காரர்களுக்கு: கேப் போர்த்துவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். காய்ந்த முடியைப் பார்த்து வெட்டுவீர்களா என்று கேளுங்கள். தின்னிங் கத்தரி வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தலையைச் சீவிக் கட்டிக்கொண்டு போகாமல், சுருள் இயல்பாக விழும்படி விட்டுக்கொண்டு போங்கள். முடிந்ததும் ப்ளோ டிரை வேண்டாம், தானாகக் காயட்டும் என்று சொல்லி அங்கேயே உட்காருங்கள். நாற்காலி வேண்டும் என்று முகம் சுளிப்பார்கள், பக்கத்து ஸ்டூலுக்கு மாறிக்கொள்ளுங்கள். காய்ந்த பிறகு குறை தெரிந்தால், கத்தரி கையில் இருக்கும்போதே சரிசெய்யச் சொல்லலாம்.

இப்படிக்கு,
தையல் தொழில் செய்யும் ஒரு வாசகி