சாட்சிகளைத் தலை எண்ணிச் சேர்க்க முடியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'ஜாக் தி ரிப்பர்' என்ற பெயரோடு பேசப்படும் லண்டன் ஒயிட்சேப்பல் கொலைகளைப் பற்றி ஞாயிறு மலரில் வந்த கட்டுரையில், 1888 செப்டம்பர் 8 விடியற்காலை ஆனி சேப்மனைக் கொன்றவனை "மூன்று சாட்சிகள் பார்த்தனர்" என்று அச்சாகியிருக்கிறது. கொன்றவன் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. ஒருவர் ஓர் ஆணின் முதுகைப் பார்த்தார். இன்னொருவர் வேலிக்கு அப்பால் சத்தம் கேட்டார். மூன்றாமவர், அங்கே ஒன்றுமே இல்லை என்றார். என்னைக் கேட்டால் அந்த மூன்றாமவர்தான் முக்கியம்.

அவர் ஜான் ரிச்சர்ட்சன். வேலைக்குப் போகிற வழியில், கொலை நடந்த ஹேன்பரி தெரு 29-ஆம் எண் வீட்டின் நிலவறைப் பூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் காலை 4.45 வாக்கில் வந்தார். பின்கட்டுப் படியில் உட்கார்ந்து, காலைக் கடித்த பூட்ஸிலிருந்து ஒரு துண்டுத் தோலை அறுத்ததாகச் சொன்னார். வெளிச்சம் வந்துகொண்டிருந்த நேரம்; முற்றத்தில் பிணம் இல்லை. ஆறு மணிக்குச் சற்று முன் அது கண்டெடுக்கப்பட்ட இடமோ அதே படிக்கு இடப்பக்கம், வேலியை ஒட்டி. படியில் உட்கார்ந்தவர் கண்ணில் படாமல் இருக்க முடியாது.

சிக்கல் கதவில் இருக்கிறது. பின்கதவு இடப்பக்கமாகத் திறக்கும். அதைப் பாதி திறந்து, நின்றபடியே எட்டிப் பார்த்திருந்தால், கதவே அந்த மூலையை மறைத்திருக்கும். அன்று காலை இன்ஸ்பெக்டர் சாண்ட்லரிடம் பேசியபோது ரிச்சர்ட்சன் பூட்ஸ் கதையைச் சொல்லவில்லை. மரண விசாரணையில்தான் சொன்னார். கத்தி விஷயத்திலும் பேச்சு சற்றுப் புரண்டது: கையிலிருந்த கத்தி மழுங்கலாக இருந்ததால் சந்தையில் வேறொன்றை இரவல் வாங்கி அறுத்தேன் என்றார். உடனே "பொய்யர்" என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. முற்றத்தில் கிடந்த தோல் ஏப்ரன் அவருடையது என்பதை மறந்துவிடக்கூடாது. கொலை நடந்த இடத்தில் தன் உடுப்பு கிடக்க, கத்தியோடு உட்கார்ந்திருந்தேன் என்று யாரும் வலியப் போய்ச் சொல்ல மாட்டார்கள். கேட்காததால் சொல்லாமல் விட்டது வேறு, மாற்றிச் சொன்னது வேறு.

ரிச்சர்ட்சனை நம்பினால் போலீஸ் மருத்துவர் டாக்டர் பிலிப்ஸின் கணக்கு இடிக்கும். 6.30-க்கு உடலைப் பார்த்த அவர், இறந்து குறைந்தது இரண்டு மணி நேரம் இருக்கும் என்றார், அதாவது 4.30-க்கு முன். பெரும்பாலான கட்டுரைகள் இதோடு நிறுத்திவிடுகின்றன. காலை குளிராக இருந்தது, ரத்தம் பெருமளவு வெளியேறியதால் உடல் சீக்கிரம் குளிர்ந்திருக்கும் என்று அதே மூச்சில் அவரே சொன்னார். அந்தப் பின்வாக்கியத்தோடு சேர்த்துப் படித்தால் டாக்டரின் நேரம் இரும்புச் சங்கிலி அல்ல.

இனி மற்ற இருவர். பக்கத்து 27-ஆம் எண் வீட்டு ஆல்பர்ட் கடோஷ், சுமார் 5.20-க்கு "வேண்டாம்" என்று ஒரு குரலும், சில நிமிடம் கழித்து வேலிமேல் ஏதோ சாயும் சத்தமும் கேட்டார். எலிசபெத் லாங், வீட்டு வாசலருகே ஓர் ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டிருந்ததை 5.30-க்குப் பார்த்தார். அப்படியானால் சத்தம் முதலில், பேச்சு பிறகு! ஆனால் இருவருக்கும் மணி எப்படித் தெரிந்தது? கடோஷ் வேலைக்குப் போகும்போது ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் தேவாலயக் கடிகாரத்தில் 5.32 பார்த்தார், மற்றது அதிலிருந்து பின்னோக்கிப் போட்ட கணக்கு. லாங், மதுபான ஆலைக் கடிகாரம் அரை மணி அடித்ததைக் கேட்டார். அவர் கேட்டது 5.15-க்கான அடியாக இருந்தால் எல்லாம் பொருந்தும். பொருந்துகிறது என்பதற்காகச் சாட்சியின் வாயில் நாம் மணியைத் திணிக்கக் கூடாது. இதற்கும் மேலே, வழிப்போக்கில் பார்த்த முன்பின் தெரியாத பெண்ணை லாங் நான்கு நாள் கழித்துச் சவக்கிடங்கில்தான் அடையாளம் காட்டினார்.

அதே தொடரில் கொல்லப்பட்ட மேரி கெல்லியின் வழக்குச் சாட்சி ஹட்சின்சன் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கெல்லி இறந்து மூன்று நாள் கழித்து, மரண விசாரணை முடிந்த அன்று மாலைதான் போலீசுக்கு வந்தார். இரவு இரண்டு மணித் தெருவிளக்கில் கெல்லியோடு பார்த்தவனின் டை ஊசி வரை விவரித்தார். அதே நாள் விசாரணையில் சாரா லூயிஸ், கெல்லி குடியிருந்த சந்துக்கு எதிரே ஓர் ஆள் நின்றதாகச் சொல்லியிருந்தார். அது ஹட்சின்சன் அங்கே இருந்ததை உறுதிப்படுத்தலாம். அவரைப் பயமுறுத்தி வரவழைத்தும் இருக்கலாம்.

நம் மலேசியாவுக்கு மிக நெருக்கமானது இஸ்ரேல் ஷ்வார்ட்ஸின் வாக்குமூலம். இதே தொடரில் கொல்லப்பட்ட எலிசபெத் ஸ்ட்ரைடைத் தாக்கியவனைப் பார்த்ததாகச் சொன்ன அவருக்கு ஆங்கிலம் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வழியே பேசினார். போலீஸ் அறிக்கையில் இரண்டாவது ஆள் புகைக்குழாய் பற்றவைக்கிறான். ஸ்டார் நாளிதழில் அது கத்தியாகிவிட்டது. தாக்கியவன் கத்திய "லிப்ஸ்கி" என்ற சொல் கூட்டாளியை அழைத்ததா, ஷ்வார்ட்ஸை ஏசியதா என்பதே தெளிவாகவில்லை. 1887-இல் தூக்கிலிடப்பட்ட ஒரு யூதரின் பெயர் அது. அப்போது வசைச்சொல்லாகப் புழங்கியது.

செந்தூலிலோ பட்டர்வொர்த்திலோ ஒருவர் "ஆளு நல்ல செவப்பு" என்றால் வெளுத்த நிறம் என்று நமக்குத் தெரியும். மலாயில் "மேரா" (சிவப்பு) என்று எழுதினால் முகம் சிவந்த ஆளாகிவிடுவான். "அந்த அண்ணன்தான் நின்னாரு" என்பது "அபாங்" (மூத்த சகோதரர்) ஆனால் சாட்சிக்கே உறவுக்காரர் ஒருவர் முளைக்கக்கூடும். "வெள்ளிக்கிழமை ராத்திரி ரெண்டு மணி" நாட்காட்டிப்படி சனிக்கிழமை. ஒரு நாள் தவறினால், சம்பந்தமே இல்லாதவர் வீட்டில் தூங்கியதாகச் சொல்வதும் பொய்யாகத் தெரியும்.

இதற்கு நம் சட்டத்திலேயே வழி இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 112(5) பிரிவின்படி, இயன்றவரை வாக்குமூலத்தை எழுதிக்கொண்டு, அதைச் சாட்சி பேசிய மொழியிலேயே வாசித்துக் காட்டி, திருத்த வாய்ப்புக் கொடுத்த பிறகே கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வாங்க வேண்டும். தமிழில் சொன்னவர் தமிழிலேயே வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். நிறம், உறவுமுறை, கிழமை, மணி இந்த நான்கையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டுத் திருத்தச் சொல்ல வேண்டும். மணி சொன்னால், எந்தக் கடிகாரம், கைப்பேசியா, தொழுகை அழைப்பா என்றும் எழுதச் சொல்லலாம்.

ஆதாரச் சட்டம் 134-ஆவது பிரிவு, ஒரு விஷயத்தை நிரூபிக்க இத்தனை சாட்சி வேண்டும் என்று எண்ணிக்கை வைக்கவில்லை. ஆகவே அடுத்த பகுதியில் "மூவர்" என்பதை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் என்று, யாரிடம், எந்த மொழியில் சொன்னார் என்று போடுங்கள். லாங் பார்த்தது முதுகைத்தான் என்ற திருத்தமும் வந்தால் நன்று.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்.